ஸ்கேலி கல்லில் வாளிக்கு இடமில்லை

ஜேம்சினா ஸ்கேலிக்குக் கோபம் வந்திருக்கிறது என்று ஸ்காட்லாந்துக் கடலோரத்துப் போர்ட்கார்வியில் யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. கோபம் தணிந்தால்தான் செய்தி. மீன் ஆலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வுபெறும் வரை கத்தி பிடித்த கை அவளுடையது. வானிலை அறிக்கை வாசிப்பவன் மேல் கோபம், எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் மேல் கோபம், கையிலிருக்கும் உருளைக்கிழங்கு வறுவலைக் கொத்திக்கொண்டு போகும் கடல்புறா மேல் கோபம். இதெல்லாம் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவள் செய்துகொண்ட பயிற்சி. நிஜமான கோபம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பழக் கேக் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தது.

கேக்கைக் கொண்டுவந்தவர் ஹெக்டர் ஸ்கேலி. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஸ்கேலி குலச் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர். இதற்கு முன் அவர் யாருக்கும் கேக் கொடுத்ததாக ஊரில் பேச்சில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் குடும்பப் பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும். போர்ட்கார்வியில் அது ஆளை ஒளித்துவைக்கும். ஊரில் பாதிக்கு மேல் ஸ்கேலி. அதில் ஆண்களுக்கு ஜேம்ஸ், வில்லியம், அலெக்சாண்டர் தவிர வேறு பெயர் வைப்பது திமிர் என்று கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. ஜேம்சினாவே, அவள் பிறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் கடலில் போன சித்தப்பா ஜேம்ஸின் பெயருக்கு வால் ஒட்டிச் செய்தவள்தான். ஸ்கேலியாகப் பிறந்து இன்னொரு ஸ்கேலியைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தால் அவள் பெயரில் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

ஆகவே பட்டப்பெயர். வாளி வீடு, பிஷப் வீடு, கரண்டி வீடு, வாத்து வீடு. கேலிக்கு வைத்ததல்ல அது. வாக்காளர் பட்டியலில் இருக்கும், படகுக் கணக்கில் இருக்கும், மருந்துச் சீட்டில் இருக்கும். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதை நாகரிகமில்லை என்று விட்டுவிட்டு, ஒரு வில்லியம் ஸ்கேலியின் தூக்க மாத்திரையை இன்னொரு வில்லியம் ஸ்கேலிக்குக் கொடுத்தார். அந்த மனிதர் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்தவர், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார். டாக்டர் மறுவாரமே நாகரிகத்தைக் கைவிட்டார்.

ஜேம்சினா வாளி வீடு. அவளுடைய முப்பாட்டன் ஒருவன் ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்தே கரை சேர்ந்தான், அதிலிருந்து வாளி. அவன் மகள் மார்கரெட், ஹெர்ரிங் மீன் அறுக்கத் தெற்கே போகும் பெண்களோடு ரயிலேறிப் போய், வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அப்பன் யாரோ டச்சு மீனவன் என்றார்கள். ஊர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியது, பிறகு மீன் வந்துவிட்டது, ஊர் வேலைக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு அம்மாவின் ஸ்கேலியும் வீட்டின் வாளியும் கிடைத்தன. அவனுடைய பேத்திதான் ஜேம்சினா. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருக்க யாரும் மெனக்கெட்டதும் இல்லை.

அவளுடைய அண்ணன் அலெக்சாண்டர், சுருக்கமாகச் சாண்டி. சாண்டி வாளி. 1979-ல் ‘கான்ஸ்டன்ஸ்’ படகோடு போனான். அதே படகில் ஹெக்டரின் அண்ணன் சாண்டி பிஷப்பும் போனான். அவனும் அலெக்சாண்டர் ஸ்கேலிதான். இருவர் உடலும் கிடைக்கவில்லை. சாண்டி பிஷப்பின் மனைவி பெல்லாவும் ஜேம்சினாவும் ஒரே மழைக்கோட்டை இருவர் தோளிலும் போட்டுக்கொண்டு துறைமுகச் சுவரில் நின்றார்கள். அன்றிலிருந்து தோழிகள், தினமும் சண்டை போடுகிற அளவுக்குத் தோழிகள்.

கல்லறை இல்லாதவனுக்குப் பெயர் இருக்க ஓர் இடம் வேண்டும். மீனவர் மன்றத்தில் ஒரு மரப்பலகையில் இருந்தது; ஈரம் அதைத் தின்றுவிட்டது. இப்போது கடல் தாண்டியிருக்கும் ஸ்கேலிகள் சேர்ந்து துறைமுக முனையில் கருங்கல் நிறுத்தப் போகிறார்கள் என்றதும் ஜேம்சினா, வாழ்க்கையில் ஒரே தடவை, ஒரு குழுவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னாள். அதற்காகப் பிற்பாடு அவள் தன் மேலேயே கோபப்பட்டாள்.

ஹெக்டர் கேக்கை மேசையில் வைத்தார்.

“என்ன விஷயம்? யாரு செத்தா?” என்றாள் ஜேம்சினா.

“யாரும் சாகல. கல்லு விஷயமா வந்தேன்.”

“சொல்லு.”

“எச்சில் வாங்கிப் பண்ணின மரபணுச் சோதனை முடிவு வந்திருச்சு ஜேம்சினா. நம்ம குலம் எவ்வளவு பெருசு தெரியுமா? ஆர்க்னி தீவுல இருக்காங்க, கனடாவுல இருக்காங்க, நியூசிலாந்துல ஒரு தெருவுக்கே ஸ்கேலின்னு பேரு. பெரும்பாலானவங்க ஒரே ஆம்பளையோட வம்சம். நார்வேல இருந்து வந்த தலைவனா இருக்கலாம்னு நம்ம சங்கத் தலைவர் நினைக்கிறாரு.”

“தலைவனா இருந்தா இந்த ஊருக்கு ஏன் வர்றான்? கேக்கு எதுக்கு, அதச் சொல்லு.”

ஹெக்டர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். “உங்க சாண்டியோட பையன் கார்டன் எச்சில் குடுத்தான் இல்ல? அது நம்ம வம்சத்தோட பொருந்தல. ஹாலந்துல ஏதோ குடும்பத்தோட பொருந்துது.”

“ஆமா, மார்கரெட் கிழவியக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. அதுக்கு எச்சில் எதுக்கு?”

“அதில்ல... கல்லு ஸ்கேலி ரத்தத்துக்குன்னு சங்கத்துல தீர்மானம். அதனால உங்க சாண்டி பேரு பின்பக்கம் ஒரு சின்னத் தகட்டுல வரும். ‘நண்பர்களும் உடன் சென்றோரும்’னு தலைப்புப் போட்டு. மரியாதையாத்தான் இருக்கும்.”

அடுப்பில் புகையிட்ட மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜேம்சினா முதலில் அதை அணைத்தாள். இதை ஹெக்டர் நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டார்.

“உடன் சென்றோரா?” என்றாள். “எங்கண்ணன் என்ன, பிக்னிக்குக்குக் கூடப் போனானா? டேய் ஹெக்டர், உனக்குக் காலணி நாடா கட்டத் தெரியாம மூக்கொழுக நின்னப்ப பள்ளிக்கூட வாசல்ல குனிஞ்சு கட்டிவிட்டவன்டா அவன்! தண்ணி மூழ்கடிக்கும்போது ரத்தம் என்ன ரத்தம்னு கேட்டுச்சா? உங்கண்ணன மட்டும் ‘நீங்க பிஷப்பு, முன்பக்கமா வாங்க’ன்னு கூப்பிட்டுச்சா?”

“நான் ஒருத்தன் முடிவு பண்றது இல்ல ஜேம்சினா...”

“அதான் எல்லாக் கோழையும் சொல்றது. இன்னொண்ணு கேக்குறேன். முன்பக்கம் வர்றவங்களுக்காவது பட்டப்பேரு போடுவீங்களா?”

“அது கௌரவமா இருக்காதுன்னு...”

“கேக்க எடுத்துட்டுக் கிளம்பு.”

அவர் கிளம்பினார். கேக் அவருக்கு முன்பே கிளம்பி, வாசல் தாண்டி, கடல்புறாக்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பறவைகள் மேல் அவளுக்குக் கோபம் இல்லாத ஒரே காலைப்பொழுது அது.

மறுவாரம் மீனவர் மன்றத்தில் கூட்டம். சங்கத் தலைவர் ஓஹையோவிலிருந்து வந்திருந்தார். டுவைட் ஸ்கேலி, பல் மருத்துவர். இடுப்பில் கட்டம்போட்ட கில்ட் பாவாடை, காலுறையில் சிறு கத்தி, தோளில் பட்டைத் துணி, மார்பில் வெள்ளி ஊசி என்று கடையில் இருந்த அத்தனையையும் அணிந்து, கொட்டுகிற மழையில் நடந்து வந்து, முழங்கால் நீலமாகி நின்றார். ஊர் ஆண்கள் எல்லோரும் கம்பளிச் சட்டையும் ரப்பர் காலணியுமாக உட்கார்ந்திருந்தார்கள். யார் ஸ்காட்லாந்துக்காரர் என்று வெளியாளைக் கேட்டால் தப்பாமல் அவரைத்தான் காட்டுவான்.

பல்கலைக்கழகத்திலிருந்து மரபணு ஆய்வாளர் ஒருவரையும் அழைத்திருந்தார்கள். டாக்டர் ஷோனா மெக்கின்வென். மெலிந்த பெண், தும்மல் பிடித்திருந்தது. நார்வே தலைவனைப் பற்றிச் சொல்வார் என்று டுவைட் முன்வரிசையில் காத்திருந்தார்.

“ஸ்கேலிங்கறது முதல்ல ஒரு பண்ணையோட பேரு,” என்றார் ஷோனா. “அந்த நிலத்துல இருந்தவங்க சொந்தமோ இல்லையோ, அந்தப் பேர எடுத்துக்கிட்டாங்க. அதனால ஆரம்பத்துலயே பல அப்பன். அதுல ஒருத்தரு கடலோரம் வந்தாரு, அவருக்குப் பிள்ளைங்க நிறைய, பிழைச்சும் இருந்தாங்க. அதான் உங்கள்ல பலபேரு ஒரே வரிசை. தலைவனா, மாடு மேய்ச்சவனான்னு எச்சில்ல தெரியாது.”

“மாடுதான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மன்றம் சிரித்தது. டுவைட்டும் சிரித்தார், புரியாமல்.

ஜேம்சினா எழுந்தாள். “டாக்டரம்மா, எங்கண்ணன் மவன் கார்டன். அவன் சோதனையப் பார்த்து எங்கண்ணனக் கல்லோட முதுகுப்பக்கம் தள்ளியிருக்காங்க. நீங்களா தள்ளச் சொன்னீங்க?”

ஷோனா தாள்களைப் புரட்டினார். “கார்டன் ஸ்கேலின்னு ரெண்டு எச்சில் குழாய் வந்துச்சே. ரெண்டுலயும் ‘கார்டன் ஸ்கேலி, போர்ட்கார்வி’ன்னுதான் ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு உங்க பெரிய வரிசையோட பொருந்துது, ஒண்ணு ஹாலந்தோட. எது எந்த கார்டன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க செயலாளருக்குத் தெரியும்னு சொன்னாங்க.”

எல்லாத் தலையும் ஹெக்டர் பக்கம் திரும்பியது.

போர்ட்கார்வியில் பால் புட்டிக்குக்கூடப் பட்டப்பெயர் எழுதித்தான் வாசலில் வைப்பார்கள். ஹெக்டர் எச்சில் குழாய்களில் எழுதவில்லை. ஓஹையோவில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, ஒவ்வொரு வாளியையும் பிஷப்பையும் கரண்டியையும் தன் கையாலேயே விட்டுவிட்டார். பிறகு ஹாலந்து என்று முடிவு வந்தபோது அது எந்த வீட்டுக்கு என்று அவரே பங்கிட்டுக் கொடுத்தார்.

“அந்த ரெண்டாவது கார்டன் யாரு?” என்று கேட்டார் டுவைட்.

“என் பையன்,” என்றாள் பெல்லா.

சாண்டி பிஷப்பின் மகன் கார்டன் பிஷப். ஹாலந்து அவனுடையதாக இருந்தால்? பின்வரிசையில் வாத்து வீட்டுக்காரன் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டே, “அப்ப பெல்லாவும் டச்சுக்காரனோட...” என்று ஆரம்பித்தான்.

“வாய மூடு!” ஜேம்சினாவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. “உன் வீட்டு வண்டவாளத்த நான் எடுத்தா நீ இந்த ஊர்ல ரொட்டிக் கடைக்குப் போக முடியாது. கேட்டுக்குங்க எல்லாரும். அந்த டச்சுக்காரன் எங்க வீட்டு ஆளு. வாளி வீடு. எங்கப்பனோட அப்பன அவன்தான் பெத்தான். அதுல எனக்கு வெக்கமும் இல்ல, பெருமையும் இல்ல. பெல்லாவ இழுத்தீங்கன்னா மீன் அறுக்குற கத்தி இன்னும் என் வீட்லதான் இருக்கு.”

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், குழப்பத்திலேயே அண்ணன் முன்பக்கம் வந்திருப்பான். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பெல்லாவின் மானத்தை விலைகொடுத்து வாங்கும் இடம் எதுவும் சாண்டி வாளிக்கு வேண்டாம் என்று அந்த நொடியில் தோன்றியது. தோன்றியதும் சொல்லிவிட்டாள். யோசித்துப் பேசும் வழக்கம் வாளி வீட்டில் இல்லை.

டுவைட் கைதூக்கினார். “மேடம், நீங்க சொல்றத மதிக்கிறேன். ஆனா வாய்வார்த்தையச் சங்கம் ஏத்துக்க முடியாது. அறிவியல் ஆதாரம் வேணும்.”

ஜேம்சினா அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னைத் தள்ளினப்ப ஆதாரம் வேணாம். நானே ஒத்துக்கிட்டா ஆதாரம் வேணுமா?”

“சுலபம்தான்,” என்றார் ஷோனா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஹெக்டர் சாரும் அவங்கண்ணனும் ஒரே அப்பா பிள்ளைங்க. சார் கொஞ்சம் எச்சில் குடுத்தா எது எந்த கார்டன்னு ஆறே வாரத்துல தெரிஞ்சிரும்.”

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஊர் முழுக்க எச்சில் வாங்கிய ஹெக்டர், தன் எச்சிலைக் கொடுக்கவே இல்லை. சங்கத்தின் அடுத்த தலைவர் என்று பேச்சிருந்தது. தலைவராகப் போகிறவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராயிற்றே.

“அதுக்கு... அவசியமில்லன்னு நினைக்கிறேன்,” என்றார் ஹெக்டர். வாய் வறண்டிருந்தது. அந்த வாயிலிருந்து அன்றைக்கு எச்சில் எடுப்பது ஆய்வகத்துக்கே கடினமாக இருந்திருக்கும்.

மற்ற வீட்டுக்காரர்களையும் மறுபடி சோதிக்கலாமா என்று டுவைட் கேட்டார். எத்தனை ஜேம்ஸ், எத்தனை வில்லியம் குழாய்கள் கலந்து கிடக்கின்றனவோ! ஆண்கள் ரப்பர் காலணியைப் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். யாருக்கும் அவசியமாகப் படவில்லை. ரத்தத் தீர்மானத்தை ஹெக்டரே எழுந்து வாபஸ் வாங்கினார். எல்லோர் பெயரும் முன்பக்கமே வரட்டும் என்றார்.

“பட்டப்பேரு?” என்றாள் ஜேம்சினா.

அதை மட்டும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். உலகெங்கும் உள்ள ஸ்கேலிகள் தபாலில் வாக்களித்தார்கள். வாளி என்றால் என்னவென்று தெரியாத ஊர்களிலிருந்து வந்த கௌரவமான வாக்குகள் வாளியைத் தோற்கடித்தன.

மே மாதத்தில் கல் வந்தது. பளபளவென்று, ஆளுயரத்துக்கு மேல். திறப்பு நாளில் பேக்பைப் ஊத மூன்று பேர், கேக்குகள், டுவைட், அவரோடு ஒரு பேருந்து நிறைய வெளிநாட்டு ஸ்கேலிகள். துணி விலகியது. பாதிரியார் ஜெபித்தார். பிறகு, அவரவர் ஆட்களின் பெயருக்கு நேராகப் பூ வைக்கலாம் என்றார்கள்.

ஜேம்சினா போனாள். பெல்லாவும் போனாள். 1979-க்குக் கீழே இப்படி இருந்தது:

அலெக்சாண்டர் ஸ்கேலி
அலெக்சாண்டர் ஸ்கேலி

“எதுடீ உன்னோடது?” என்றாள் பெல்லா.

“எனக்கு எப்படித் தெரியும்? மேல இருக்கறது.”

“மேல இருக்கறது என் புருஷன். அவன்தான் வயசுல மூத்தவன்.”

“வயசா? நாலு மாசம்! எங்கண்ணன்தான் முதல்ல படகுல சேந்தான்.”

“சேந்து என்ன, வாந்தி எடுத்துக்கிட்டேதான போனான்!”

“அடியே, உன் புருஷன் நீச்சலே தெரியாத பிஷப்பு!”

“ஹெக்டர்!” என்று பெல்லா கத்தினாள். “நீதான பேரு குடுத்த? உங்கண்ணன் எது?”

ஹெக்டர் கல்லுக்கு அருகில் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரல் மேல் வரிக்குப் போனது, கீழ் வரிக்கு வந்தது, மறுபடி மேலே போனது. கூடப் பிறந்த அண்ணன். அவருக்குத் தெரியவில்லை.

இதற்குள் கல்லின் மறுமுனையில் இரண்டு ஜேம்ஸ்களுக்காகக் கரண்டி வீடும் வாத்து வீடும் மோதிக்கொண்டிருந்தன. “அது எங்க கரண்டி!” “வாத்துடா, வாத்து!” “சுருட்டு வில்லி எங்கடா?” என்று துறைமுகம் முழுக்கக் குரல். பைப் வாசித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். செத்தவர்களின் பெயரை அன்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை; இப்போது சுவரில் மோதி எதிரொலிக்கும் அளவுக்குச் சொன்னார்கள்.

ஜேம்சினா பூவைப் பெல்லாவின் கையில் திணித்துவிட்டு நடந்தாள். அண்ணன் மகன் கார்டனின் படகுக் கொட்டகைக்குள் போய், படகுக்கு அடிக்கும் நீல வண்ண டப்பாவோடும் தூரிகையோடும் திரும்பினாள். கூட்டம் வழிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கூடுதலாகவே விட்டார்கள்.

“அம்மா, இது மெருகு போட்ட கருங்கல்லு...” என்றார் டுவைட்.

“தள்ளுங்க ஐயா. உங்க முழங்கால்ல சொட்டிடும்.”

அவள் கீழ் வரியின் பக்கத்தில், மீன் பெட்டிக்கு எண் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், ‘வாளி’ என்று எழுதினாள். கடைசி எழுத்து கோணிப்போனது. கோபத்தில்தான் என்று பிறகு சொன்னாள்.

“கீழ் வரிய எடுத்துக்கிட்டேன். மேல நீயே வெச்சுக்க,” என்று தூரிகையைப் பெல்லாவிடம் நீட்டினாள்.

பெல்லா ‘பிஷப்’ என்று எழுதினாள். அவளிடமிருந்து கரண்டி வீடு பிடுங்கிக்கொண்டது. பிறகு வரிசை நின்றது. கடைசியில் டப்பாவின் அடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. ஹெக்டர் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் பெல்லா எழுதியதில் ஒரு சொட்டு வழிந்து கீழே இறங்கியபோது, குனிந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தார். ஜேம்சினா பார்த்தாள். மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. அவருக்கு இன்றுவரை அவள் வணக்கம் சொல்வதில்லை.

வெளிநாட்டு ஸ்கேலிகள் விடாமல் படம் எடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் சங்கத்தின் இதழ் வந்தது. அட்டையில் ஜேம்சினா, கையில் தூரிகையோடு. கீழே, ‘நார்வே முன்னோர் காலத்திலிருந்து போர்ட்கார்வி பெண்கள் காத்துவரும் நீலம் தீட்டும் சடங்கு’ என்று அச்சிட்டிருந்தது.

ஜேம்சினா அதை இரண்டு தடவை படித்தாள். பெல்லாவின் வீட்டுக்கு நடந்துபோய் மேசையில் போட்டாள்.

“சடங்காம்டீ! போன மே மாசம் ஆரம்பிச்சது! எவன் கேட்டான் இந்த நார்வேக்காரனுங்கள?”

“விடேன்,” என்றாள் பெல்லா. “உன் டச்சுக்காரன்னு எழுதியிருந்தா மட்டும் சிரிச்சிருப்பியாக்கும்.”

“வண்ணம் வேற உரிஞ்சுபோச்சு. நேத்து அலை அடிச்சதுல உன் பிஷப்பு பாதிதான் தெரியுது.”

“உன் வாளி?”

“அது நல்லாத்தான் இருக்கு. நான் மறுநாள் போய் ரெண்டாவது பூச்சு அடிச்சேன்ல. உனக்குத்தான் எதையும் உருப்படியாச் செய்யத் தெரியாதே. மழைக்கோட்ட எடு, டப்பா வாசல்ல இருக்கு.”